மீக்கடத்தி: சொல்லும் பொருளும்

தடையே இல்லாம மின்சாரத்தைக் கடத்துற சூப்பர்கண்டக்டருக்குத் தமிழ்ல மீக்கடத்தி, நம்ம ஸ்கூல் ஃபிசிக்ஸ் புக்லயே இருக்கிற சொல்தான், சிலர் க் போடாம மீகடத்தின்னும் எழுதுவாங்க. அந்தப் பண்புக்குப் பேரு மீக்கடத்துத்திறன். மீ-ன்னா மேல், உயரம். மீயொலி, மீமிசைல வர்ற அதே மீ.

1911ல நெதர்லாந்துல இருக்கிற லைடன்ல காமர்லிங் ஓன்ஸ்ங்கிற இயற்பியலாளர் பாதரசத்தைத் திரவ ஹீலியத்துல குளிர வச்சுப் பாக்குறப்போ 4.2 கெல்வின், அதாவது மைனஸ் 269 டிகிரி கிட்ட மின்தடை டக்குன்னு காணாமப் போச்சு. அவர் வச்ச பேர்ல ‘சூப்ரா’ன்னுதான் இருந்துச்சு, லத்தீன்ல அதுக்கும் மேலேன்னுதான் அர்த்தம், சூப்பர்னு மாறினது பின்னாடி.

மீக்கடத்திக்குப் பதிலா மிகைக்கடத்தின்னு எழுதினா எனக்கு ஒப்பவே இல்ல, ஏன்னா இது நல்லா கடத்துறதோட அடுத்த படி கிடையாது, வேற ஒரு நிலை. வெள்ளியும் தாமிரமும் சாதாரணமா பிரமாதமா கடத்தும், ஆனா எவ்வளவு குளிர வச்சும் அதுங்க மீக்கடத்தி ஆனதில்ல, சுமாரா கடத்துற ஈயம் 7.2 கெல்வின்ல ஆயிடும்! அதோட 1933ல மெய்ஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் காட்டின மாதிரி உள்ள இருக்கிற காந்தப்புலத்தையே வெளிய தள்ளிடும், தடை சைபர் ஆன வெறும் கடத்தியா இருந்தா இது நடக்காது.

காந்தத்துக்கும் இதுக்கும் ஆகாதுன்னுதான் ரொம்ப நாள் நினைச்சாங்க. இதுல மின்னோட்டத்தைத் தூக்கிட்டுப் போறது கூப்பர் இணைகள், எதிரெதிர் ஸ்பின் (எலக்ட்ரானைக் குட்டிக் காந்தம் மாதிரி ஆக்குற பண்பு) உள்ள ரெண்டு ரெண்டு எலக்ட்ரானா சேர்ந்தது, பக்கத்துல ஒரு காந்த அணு இருந்தா அந்த ஜோடி உடையும், மீக்கடத்தி ஆகிற லாந்தனத்துல காந்த அணு உள்ள காடோலினியத்தை ஒரு சதவீதம் போல கலந்தாலே மீக்கடத்துத்திறன் கதை முடிஞ்சுது. அதனாலதான் 1994ல மும்பை டாடா ஆய்வு நிறுவனத்துல காந்த உலோகமான நிக்கல் இருக்கிற போரோகார்பைடு (போரானும் கார்பனும் சேர்ந்த சேர்மம்) 12 கெல்வின் கிட்ட மீக்கடத்தி ஆனது பெரிய விஷயம், இத நம்ம ஆளுங்க இன்னும் நிறைய பேசணும். அதே குடும்பத்துல ஹோல்மியம்ங்கிற காந்தத் தனிமத்தைப் போட்டா இன்னும் அழகு: 8 கெல்வின் வாக்குல மீக்கடத்தி ஆகும், 5 கிட்ட காந்த ஒழுங்கு (அணுக்காந்தங்கள் ஒரு வரிசைல அமையறது) வந்ததும் மீக்கடத்துத்திறன் தடுமாறும், இன்னும் குளிர வச்சா திரும்ப நிமிர்ந்துடும், காந்தமும் மீக்கடத்துத்திறனும் ஒரே படிகத்துக்குள்ள. 2008ல ஜப்பான்ல ஹோசோனோ குழு இரும்பு இருக்கிற சேர்மத்துலயே 26 கெல்வின்ல மீக்கடத்துத்திறனைக் கண்டுபிடிச்சாங்க, அந்த வகைக்கு இரும்புசார் மீக்கடத்திகள்னு எழுதலாம்.