பக்கத்தில் தெரிந்த தூரத்து விளக்குகள்

இரவில் கரை திரும்பும் படகுக்காரருக்குப் புதுச்சேரி லைட்அவுஸ் எது, கடலூர் லைட்அவுஸ் எது என்பதில் குழப்பம் வராது. ஒவ்வொன்றும் மின்னும் கணக்கு வேறு. எந்த விளக்கு என்று தெரிந்துவிட்டால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தையும் ஊகிக்கலாம். பால்வெளித் தட்டைச் சூழ்ந்து பழைய விண்மீன்கள் சிதறிக் கிடக்கும் ஒளிவட்டத்தில், ஆர்.ஆர். லைரே என்ற வகை விண்மீன்கள்தான் அந்த விளக்குகள்.

1000 கோடி ஆண்டுக்கு மேல் வயதான இவை சுமார் அரை நாளுக்கு ஒருமுறை உப்பிச் சுருங்கும். பெரும்பாலானவை சட்டென்று பிரகாசித்து மெல்ல மங்கும்; வரைந்தால் ரம்பப்பல் போலிருக்கும். பிரகாசத்தைக் குறிக்கும் எண் பொலிவெண்; எண் கூடக் கூட ஒளி மங்கல். எல்லாவற்றையும் ஒரே நிலையான தூரத்தில் வைத்துப் பார்த்தால் வரும் சொந்தப் பொலிவெண், இவற்றுக்கு ஏறக்குறைய 0.6. வானத்தில் 15.6 ஆகத் தெரிந்தால் வித்தியாசம் 15, தூரம் 32,600 ஒளியாண்டு. 20.6 என்றால் அதைப்போல் பத்து மடங்கு. அளவீட்டில் 0.1 பிசகினால் தூரத்தில் 5 சதவீதம் பிசகும். இடையிலுள்ள தூசி மறைத்த ஒளியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், விண்மீன் இருப்பதைவிடத் தள்ளிப்போய் நிற்கும்.

தினமும் இரவு 9 மணிக்கே படமெடுத்தால், சரியாக அரை நாள் சுற்றுள்ள விண்மீன் மாறாததுபோலவே தெரியும். அதனால் நேரத்தை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுக்க வேண்டும். (ஐப்பசி, கார்த்திகை மழைமேகத்தில் நம் கரையில் அந்தப் பேச்சே இல்லை.)

ஒரே திசையில், ஒரே தூரத்தில் இவை நாலைந்து கூடியிருந்தால், அங்கே சிதைந்த ஒரு குறுமண்டலமோ (சிறிய விண்மீன் மண்டலமோ), அதிலிருந்து பிய்ந்து நீண்ட விண்மீன் தாரையோ இருக்கலாம்.

பிப்ரவரி இரவு 9 மணிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று தென்கிழக்கே பார்த்தால் ஆன்ட்லியா விண்மீன் கூட்டம் கடலுக்கு மேலே நிற்கும். அத்திசையில் 2018-இல், விண்மீன்களின் இடத்தை அளக்கும் கையா விண்கலத்தின் தரவில் அகப்பட்ட குறுமண்டலம் ஆன்ட்லியா 2. பால்வெளியின் துணை மண்டலமான பெரிய மெகல்லன் மேகம் அளவுக்கு விரிந்தது. ஒளியோ அதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு. மண்டலம் ஒரு தூரத்தில் இருக்க, ஆர்.ஆர். லைரே என்று குறிக்கப்பட்ட சில விண்மீன்கள் அதற்கு வெகு முன்னால் நின்றன. பால்வெளியின் ஈர்ப்பு பிய்த்து இழுத்த துண்டுகள் என்று நினைக்கத் தோன்றியது.

சிலியிலுள்ள 4 மீட்டர் பிளாங்கோ தொலைநோக்கியால் மறுபடி அளந்தபோது அங்கே 318 ஆர்.ஆர். லைரே கிடைத்தன, தூரம் சுமார் 4 லட்சம் ஒளியாண்டு. முன்னால் நின்றவையோ முரண் செபீடுகள் என்ற வேறு வகைத் துடிக்கும் விண்மீன்கள். சுற்றுக்காலம் ஒத்துப்போகும், ஆனால் சொந்த ஒளி கூடுதல். ஒரு பொலிவெண் அளவுக்குப் பிரகாசம் கூடிய விளக்கை ஆர்.ஆர். லைரே என்று எண்ணினால், 4 லட்சம் இரண்டரை லட்சமாகச் சுருங்கிவிடும். விளக்கின் பெயரைத் திருத்தியதும் அவை மண்டலத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்தன.