சுவரில் இடைவெளி இருந்தால் தண்ணீர் போய்விடுமா?

போன வாரம் மறுபடியும் அதே பேச்சைக் கேட்டேன். அரிசோனாவில் மெக்சிகோ எல்லைச் சுவரை ஒட்டியிருக்கிற ஒரு வீடு. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் என் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு. அதற்கு மேலே ஒட்டியிருந்த பிள்ளைகளின் படங்கள் மட்டும் நனையாமல் தப்பியிருந்தன. சகதியை வாரிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நிமிர்ந்து, “சுவரில் இடைவெளி விட்டிருக்கிறார்களே, தண்ணீர் அது வழியாகப் போய்விடும் என்றுதானே நினைத்தோம்” என்கிறார். வடிகால் வேலை பார்க்கிற நான் இதை எத்தனை வீட்டில் கேட்டேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் குடியிருக்கிறவர்கள், வீடு வாங்கப் பார்க்கிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

அந்த இடைவெளியைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். 6 அங்குல அகலத்தில் ஓர் இரும்புத் தூண், 4 அங்குலச் சந்து, மறுபடி தூண். பத்தில் ஆறு பங்கு ஏற்கெனவே அடைப்புதான், அதுவும் செத்தை ஒன்றுகூட வராத சுத்தமான தண்ணீருக்கு. பாலைவன ஓடையில் சுத்தமான தண்ணீர் எங்கே வருகிறது? மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த ஓடை முதல் பெருமழையில் மெஸ்கீட் மரத்தின் கிளை, கள்ளித் துண்டு, முள்புதர், பிளாஸ்டிக் பாட்டில் என்று வழியில் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டுதான் வரும். ஒரு கிளை குறுக்கே மாட்டும். அதில் புல் சிக்கும், புல்லில் வண்டல் ஒட்டும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாய் பின்னினது மாதிரி இறுகிவிடும். அந்த வீட்டுக்குப் பின்னாலிருந்த அடைப்பில் என் பேனாவைச் சொருகிப் பார்த்தேன், பாதிகூட உள்ளே போகவில்லை. ஓடைக்குக் குறுக்கே நிற்கிற இடத்தில் அது வேலி இல்லை, அணை. அதிலும் உபரி நீர் தானாக வெளியேற வழி இல்லாத அணை.

இது யாருக்கும் தெரியாத சங்கதியும் இல்லை. 2008 ஜூலை 12 அன்று ஒரே நாளில் இரண்டு இடத்தில் நடந்தது. அரிசோனாவின் ஆர்கன் பைப் பாலைவனப் பூங்காவில், நீரோட்டத்துக்குத் தடையாக இருக்காது என்று உறுதி சொல்லிக் கட்டிய வேலியில் ஒன்றிரண்டு அங்குல மழைக்கே செத்தை அடைத்து, தண்ணீர் வேலியோரமாகப் பக்கவாட்டில் ஓடி லூக்வில் எல்லைச் சாவடிக்குள் புகுந்தது. எல்லையின் இரண்டு பக்கமும் இருக்கிற நோகாலஸில் நிலத்தடி வடிகால் வழியாக ஆட்கள் வராமலிருக்க அமெரிக்க எல்லைக் காவல் படை எழுப்பிய கான்கிரீட் தடுப்பு நீரை மறித்தது. மெக்சிகோ பக்கத்து நோகாலஸுக்குள் வெள்ளம் ஏறி இரண்டு பேர் இறந்தார்கள். 2011-ல் அதே பூங்காவில் சுமார் 40 அடி வேலியை வெள்ளம் பெயர்த்துக்கொண்டு போனது. 2021-ல் புதுச் சுவரில் வெள்ளம் போகத் திறந்துவிடுவதற்கென்று வைத்த மதகுகள் கீலோடு பிய்ந்தன. நாங்கள் ஒரு சின்னப் பாலத்துக்குக்கூட வெள்ளக் கணக்கு காட்டாமல் அனுமதி வாங்க முடியாது. எல்லைச் சுவருக்கோ, 2005-ன் ரியல் ஐடி சட்டப்படி சுற்றுச்சூழல் சட்டங்களையே உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் ஒதுக்கி வைக்கலாம். ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

சரி, உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். “மதகு இருக்கிறதே” என்று சும்மா இருக்காதீர்கள், அது தானாகத் திறக்காது. அரிசோனாவின் பருவமழை ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. அதற்கு முன்பே போய்ப் பாருங்கள். மூடியிருந்தாலோ செத்தை அடைந்திருந்தாலோ தேதியோடு படம் எடுத்து, கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) வெள்ளக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள்.

“முப்பது வருஷமாக இங்கே தண்ணீர் வந்ததே இல்லை” என்பதும் இனி செல்லாது, அது சுவர் இல்லாத முப்பது வருஷம். வெள்ள அபாய வரைபடம் பார்க்கும்போதும் அது சுவர் வந்ததற்கு முன் வரைந்ததா, பின் வரைந்ததா என்று கேளுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. அரசின் வெள்ளக் காப்பீடும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், மேகம் கறுத்த பிறகு எடுத்துப் பயனில்லை.

ஓடை போகும் திசையில், சுவருக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிறவர்களுக்குத்தான் எனக்கு அதிக பயம். மேலே கொட்டுகிறது, உங்கள் பக்கம் ஓடை காய்ந்து கிடக்கிறது என்றால் நிம்மதியாக உட்காராதீர்கள். தண்ணீர் சுவருக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருக்கலாம், ஒரு பகுதி சாய்ந்தால் மொத்தமும் ஒரே மூச்சில் வரும். வேடிக்கை பார்க்கப் போகாமல் மேட்டுக்குப் போங்கள். ஓடும் தண்ணீரில் காரை இறக்கவே இறக்காதீர்கள், ஓர் அடி ஆழம் போதும் சின்னக் காரை இழுத்துப் போக.

அந்த வீட்டில் பிள்ளைகள் படுக்கிற அறை சுவர்ப் பக்கத்துத் தாழ்வில் இருந்தது. அன்றைக்கே கட்டிலை முன்னறைக்கு மாற்றச் சொல்லி, நானும் ஒரு கை பிடித்துவிட்டுத்தான் வந்தேன். உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால், மழைக்காலம் முடிகிறவரைக்குமாவது மாற்றிப் போடுங்கள்.