ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய மாலை நோயாளியின் கட்டிலருகே வந்து, வாயை அகலத் திறக்கச் சொல்லி, கழுத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, பழைய ஆபரேஷன், அலர்ஜி, மாத்திரை, குடிப்பழக்கம் என்று வரிசையாகக் கேள்வி கேட்பவர் மயக்க மருத்துவர். மதுரையில் அந்த வேலையைச் செய்துவருகிறேன். தேனி, சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் பெரிய சிகிச்சை என்றால் இந்த ஊருக்குத்தான் வருகிறார்கள். உறவினர்களில் இருவர் உடன் வருவார்கள். ஒருவர் பணம் கட்டுவார், இன்னொருவர் கையெழுத்துப் போடுவார். நோயாளியின் கையெழுத்து எந்தத் தாளிலும் இல்லாமலே ஏற்பாடுகள் முடிந்துவிடுவதும் உண்டு.

நோயாளர் உரிமைகளைப் பற்றிப் பேசும்போது கட்டணத்தையும் அவசர சிகிச்சையையும் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். அவை முக்கியமானவைதாம். ஆனால் உரிமையும் பொறுப்பும் ஒரே நேரத்தில் தேவைப்படுவது ஒப்புதல் பெறும் அந்த உரையாடலில்தான் என்பது என் கருத்து. நடக்கப்போவதை மருத்துவர் முழுமையாகச் சொல்ல வேண்டும். தன் உடலைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை நோயாளி முழுமையாகச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் குறைந்தாலும் மறுநாள் காலை ஆபரேஷன் தியேட்டருக்குள் அது ஆபத்தாக மாறக்கூடும்.

முதலில் கையெழுத்து யாருடையது என்பதைப் பார்ப்போம். பதினெட்டு வயது நிறைந்த, சுயநினைவும் தெளிவும் உள்ள எவருக்கும் அவருடைய ஒப்புதலே ஒப்புதல். 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், பரிசோதனைக்காக மட்டும் ஒப்புதல் தந்து மயக்க நிலையில் இருந்த பெண்ணுக்கு, வெளியில் காத்திருந்த தாயின் சம்மதத்தைப் பெற்றுக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றியிருந்தார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, நினைவு திரும்பியதும் அவரிடமே கேட்டிருக்க முடியும் என்பதால் தாயின் சம்மதம் செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. நோயின் தன்மை, செய்யப்போகும் சிகிச்சை, அதனால் கிடைக்கும் பயன், மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள், சிகிச்சையை மறுத்தால் நேரக்கூடியவை ஆகியவற்றை விளக்கிய பிறகு பெறப்படுவதே முறையான ஒப்புதல் என்றும் அத்தீர்ப்பு வரையறுத்தது. அரிதினும் அரிதான எல்லாச் சிக்கல்களையும் ஒன்றுவிடாமல் ஒப்பிக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை.

நடைமுறை இதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது. எழுபது வயதுத் தாயார் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். படிவம் மகனிடம் நீட்டப்படும். மருத்துவமனைகள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏதாவது தவறாகிவிட்டால் சண்டைக்கு வரப்போவது மகன் என்பதால் அவர் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு என்ற கணக்கு அது. உறவினர் சாட்சியாகக் கையெழுத்திடுவதில் தவறில்லை, நல்லதும்கூட. நோயாளியின் இடத்தில் அவர் கையெழுத்திடுவதுதான் தவறு. பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் வயது வந்த பெண்ணின் ஒப்புதலை மட்டுமே கேட்கிறது. அப்படியிருந்தும் கணவர் வரட்டும் என்று காத்திருக்க வைக்கப்படும் பெண்களை இன்றும் காண்கிறோம்.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் வாசித்து விளக்கச் சொல்லலாம். நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்குவது மருத்துவமனையின் கடமை. சிகிச்சையின் பெயரும் மருத்துவரின் பெயரும் நிரப்பப்படாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். அட்மிஷன் கவுண்டரில் முன்பணத்தோடு சேர்த்து நான்கைந்து தாள்களை நீட்டினால், அறுவைச் சிகிச்சைக்கான தாளை மட்டும் தனியே எடுத்து, மருத்துவரிடம் பேசிய பிறகு தருகிறேன் என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மயக்க மருந்துக்கான ஒப்புதல் தனி. முழு மயக்கமா, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதா, எனக்கு எது ஏற்றது, ஏன் என்று கேட்கலாம். முதுகில் ஊசி போட்டால் ஆயுளுக்கும் இடுப்பு வலி என்ற பயத்தை மனத்துக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் பலர். கேட்டால் பதில் சொல்வோம்: ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், சிலருக்குத் தலைவலி வரலாம், பல வருடம் கழித்து வரும் முதுகுவலிக்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள் இருக்கும்.

இதைவிடக் கடினமானது நோயை மறைக்கும் வழக்கம். "அப்பாவுக்குப் புத்துநோய்னு தெரிய வேண்டாம் டாக்டரம்மா, கட்டினு மட்டும் சொல்லுங்க" என்று வராந்தாவில் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும் பிள்ளைகளின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் குடலின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு வயிற்றில் பை வைக்கப்போகும் சிகிச்சைக்கு, சாதாரணக் கட்டி என்று நம்பிக்கொண்டிருப்பவரிடம் பெறும் சம்மதம் எப்படிச் சம்மதமாகும்? இந்த நிலையில் நான் நோயாளியிடமே கேட்டுவிடுவது வழக்கம்: "உங்க நோயைப் பத்தி எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல மகன்கிட்டச் சொன்னாப் போதுமா ஐயா?" சிலர் மகனிடம் சொல்லுங்கள் என்பார்கள், அதுவும் அவர்களுடைய முடிவே. பலர் தமக்கு முன்பே தெரியும் என்பார்கள். பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று அவர்கள் அதுவரை பேசாமல் இருந்திருப்பார்கள்.

நோயாளிக்கே சொல்ல வேண்டும் என்பதன் மறுபக்கம், அவர் விரும்பாத எவருக்கும் சொல்லக் கூடாது என்பது. ஊரிலிருந்து பார்க்க வந்த பங்காளிக்கும் சம்பந்திக்கும் வார்டில் வைத்து நோயின் பெயரைச் சொல்ல மருத்துவமனைக்கு அதிகாரம் இல்லை. எச்.ஐ.வி. தொடர்பாக 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது: ஒப்புதலின்றிப் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியிடவும் கூடாது.

ஒப்புதலுக்காகக் காத்திருக்க முடியாத நேரங்களும் உண்டு. தை முதல் மூன்று நாள்களில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களிலிருந்து மாடு குத்தி வயிற்றிலோ தொடையிலோ காயத்தோடு இளைஞர்கள் வருவார்கள். உடன் வந்த நண்பர்களுக்கு அவருடைய ஊர்ப் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. நோயாளி சொல்லும் நிலையில் இல்லை, உறவினரைத் தேட நேரமும் இல்லை என்றால், அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சிகிச்சைக்கு, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அரசு மருத்துவமனையாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும், காவல்துறை நடைமுறைக்காகக் காத்திராமல் உயிர் காக்கும் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தமிழ்நாட்டுக்குள் சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் கட்டணமின்றித் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உடன் வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடிபட்டவர் எப்போது, என்ன சாப்பிட்டார், குடித்திருந்தாரா என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். கேட்பது வழக்குப் போடுவதற்காக அல்ல.

நோயாளியின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. மயக்கத்தில் இரைப்பையில் இருப்பது மேலே எழுந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பொதுவாக ஆறு மணி நேரத்துக்கு முன் சாப்பாட்டையும், இரண்டு மணி நேரத்துக்கு முன் தண்ணீரையும் நிறுத்தச் சொல்கிறோம். பால் கலந்த காபியும் டீயும் சாப்பாட்டுக் கணக்கில் சேரும். "வெறும் டீத்தண்ணிதானே" என்று காலையில் கொடுத்துவிட்டு, கேட்டால் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சொல்லும் அம்மாக்களும் அத்தைகளும் உண்டு. உண்மையைச் சொன்னால் அறுவைச் சிகிச்சை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

மாத்திரைகளைப் பற்றிச் சொல்லும்போது பெயர் நினைவில்லை என்றால் அட்டைகளை ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுவந்துவிடலாம். இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு முதுகில் ஊசி போட்டால், தண்டுவடத்தைச் சுற்றி இரத்தம் கட்டிக் கால்கள் செயலிழக்கும் வாய்ப்பு உண்டு. எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதை இதய மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். தாமாக நிறுத்துவதும் ஆபத்து. சில புதிய சர்க்கரை மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் பெயர் தெரியாத பொடியும் உருண்டையும் வாங்கிச் சாப்பிடும் பழக்கம் நம் பக்கம் அதிகம். அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மாதக்கணக்கில் அதை எடுத்தவரின் உடல், அறுவைச் சிகிச்சையின்போது தேவைப்படும் சுரப்பைத் தானாகத் தர முடியாமல் போய் இரத்த அழுத்தம் இறங்கிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் ஓர் ஊசியில் சமாளிக்கக்கூடிய விஷயம் இது.

பாக்கு, குட்கா போடுகிறவர்களுக்கு வாயின் உட்புறத் தசை இறுகி இரண்டு விரல்கூட நுழையாத நிலை வரலாம். மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது அப்போது பெரும்பாடு. வாயைத் திறக்கச் சொல்வது அதற்காகத்தான். தினமும் குடிப்பவர் அதை மறைத்தால், அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்து இரண்டு மூன்று நாளில் கை நடுக்கமும் பிதற்றலும் தொடங்கி, டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து ஓடப் பார்ப்பார். மயக்க மருந்தின் கோளாறு என்று வீட்டார் நினைப்பார்கள்.

இவற்றை மறைப்பதற்காக நோயாளியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. பன்னிரண்டு கட்டில்கள் உள்ள வார்டில், மாமனார் மாமியார் நிற்க, பக்கத்துக் கட்டில்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, "குடிப்பீங்களா? இதுக்கு முன்னாடி கலைச்சிருக்கீங்களா?" என்று உரக்கக் கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்? தனிமையில் கேட்கப்படுவது நோயாளியின் உரிமை. அந்த உரிமை கிடைக்காதபோது உண்மை சொல்லும் பொறுப்பும் கூடவே நழுவிவிடுகிறது. எங்கள் தரப்பு திருத்திக்கொள்ள வேண்டியது இது. நோயாளி, "உங்ககிட்டத் தனியாப் பேசணும்" என்று ஒரு வரி சொன்னால் போதும். உறவினர்களை வெளியே அனுப்புவது எங்கள் வேலை. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம்.

இடையில் ஒன்று: தியேட்டருக்குப் போகும் முன் தாலிச் சங்கிலி, மெட்டி, ஊக்கு உட்பட உலோகம் எதையும் உடம்பில் வைத்திருக்க வேண்டாம் என்கிறோம். இரத்தக் கசிவை நிறுத்தப் பயன்படும் மின்கருவியால் அந்த இடத்தில் தோல் பொசுங்கக்கூடும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அதில் எங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம் 17 உரிமைகளைப் பட்டியலிடுகிறது. அது தனிச் சட்டம் அல்ல. பல சட்டங்களிலும் தீர்ப்புகளிலும் சிதறிக் கிடந்தவற்றின் தொகுப்பு. அவற்றுள் சட்ட விதியாகவே உள்ள ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வது பயன்படும்: 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களின் நகல் தரப்பட வேண்டும். மயக்க மருந்துப் பதிவேடும் அதில் அடங்கும். முந்தைய சிகிச்சையில் குழாய் செலுத்தச் சிரமப்பட்டதா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கும். அடுத்த மருத்துவருக்கு அதைவிட உதவும் தாள் வேறில்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையில் அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாறலாம். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும்போதுகூட வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு. அதற்காக யாரும் மிரட்டவோ அடுத்த சிகிச்சையை மறுக்கவோ கூடாது. மறுப்பதால் வரக்கூடியதை மருத்துவர் சொல்வார். நோயாளி அதைக் கேட்டுக்கொண்டு, தன் மறுப்பையும் எழுத்தில் தர வேண்டும், அதன் விளைவை ஏற்கவும் வேண்டும். வேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்க விரும்பினால், ஸ்கேனையும் பயாப்சி முடிவையும் வாங்கிக்கொண்டு போகலாம்.

குறை இருந்தால் முதலில் அந்த மருத்துவமனையின் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகல் வாங்க வேண்டும். தனியார் மருத்துவமனைகளின் பதிவு 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் வருவதால் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடமும், மருத்துவரின் நடத்தை பற்றியது என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிடமும் போகலாம். இழப்பீடு கோருவதென்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி கட்டணம் பெறும் சிகிச்சை அங்கே வரும். அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை வராது. கோபத்தில் மருத்துவமனையின் கண்ணாடியை உடைப்பவர்கள் இந்த வழிகள் அனைத்தையும் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள். 2008 முதல் மருத்துவமனைத் தாக்குதலுக்கென்று தனிச் சட்டம் இருப்பதால், புகார் கொடுக்க வேண்டியவரே குற்றம் சாட்டப்பட்டவராக நிற்க நேர்கிறது. மேற்சொன்ன எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது கேஸ் ஷீட் என்னும் சிகிச்சைப் பதிவின் நகலும், அதிலுள்ள ஒப்புதல் படிவத்தில் யார், எந்தத் தேதியில், எதற்குக் கையெழுத்திட்டார் என்பதும்தான்.