சாவிக் கடையில் போட்ட டேக் உங்கள் கதவைத் திறக்கிறதா?

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் கொண்டோவுக்குக் கதவுக் கார்டு ரீடர் பழுது பார்க்கப் போயிருந்தேன். ஏழாவது மாடி அக்கா ஒருவர் தன் பர்ஸைத் திறந்து காட்டினார். பேங்க் கார்டை அலுமினியத் தாளில் பொட்டலம் கட்டி வைத்திருந்தார். "எல்.ஆர்.டி. ரயில்ல பக்கத்துல நின்னே காசை உறிஞ்சிடுறானுங்களாமே, தம்பி?" என்றார். அதே பர்ஸ் சங்கிலியில் கதவு திறக்கும் நீல நிற அக்சஸ் டேக் இரண்டு தொங்கின. ஒன்று மேனேஜ்மென்ட் கொடுத்தது. இன்னொன்று சாவிக் கடையில் 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) நகல் போட்டு வாங்கியது.

கோலாலம்பூரில் பதினெட்டு ஆண்டுகளாகக் கதவுகளுக்கும் பார்க்கிங் தடுப்புகளுக்கும் ரீடர் பொருத்தி வருகிறேன். அந்தப் பொட்டலத்தைவிட அந்த டேக்தான் எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளை அக்சஸ் கார்டு ஒன்றைக் கைப்பேசி டார்ச்சின் மேல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் ஓரத்தைச் சுற்றிக் கம்பி சில சுற்றாக ஓடுவதும், அதன் முனையில் சின்னஞ்சிறு சிப் உட்கார்ந்திருப்பதும் நிழலாகத் தெரியும். பேட்டரி கிடையாது. ரீடர் பரப்பும் காந்தப்புலத்துக்குள் கார்டு வந்ததும் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது, சிப் விழிக்கிறது. பேசுவதும் அதே புலத்தின் வழியாகத்தான். சிப் தான் இழுக்கும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அந்த அசைவை ரீடர் உணர்ந்து படித்துக்கொள்கிறது. டோலுக்கும் ரயிலுக்கும் தட்டும் டச் என் கோ கார்டு, பேங்க் கார்டு எல்லாம் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. சில சென்டிமீட்டர் விலகினாலே பேச்சு அறுந்துபோகும். டோலுக்காகக் கார் ஹெட்லைட்டில் ஒட்டும் ஆர்.எஃப்.ஐ.டி. ஸ்டிக்கரும் இதே குடும்பம்தான், ஆனால் அதைவிட அதிக அலைவரிசை கொண்ட யு.எச்.எஃப். அலை. வரும் அலையையே திருப்பி அனுப்புவதால் சில மீட்டர் தள்ளி இருந்தாலும் படிக்கலாம்.

அலை வெறும் பாதை. அதில் கார்டு என்ன பேசுகிறது என்பதுதான் முக்கியம்.

அக்காவின் டேக் 125 கிலோஹெர்ட்ஸ் ரகம். மின்சாரம் கிடைத்ததும் தன் எண்ணைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கும். கேட்பது யார் என்று அதற்குக் கவலையில்லை. பேங்க் கார்டு அப்படியல்ல. உள்ளே கடவுச்சொல் மாதிரி ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதை வைத்து அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லும் குறியீட்டைக் கணக்கிட்டுத் தரும். சாவி வெளியே வராது. குறியீட்டை எவனாவது ஒட்டுக்கேட்டாலும் மறுமுறை செல்லாது. கார்டு எண்ணைப் படித்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் பின்பக்கத்து மூன்று இலக்கம் அதில் வராது. 250 வெள்ளியைத் தாண்டினால் ரகசிய பின் (PIN) நம்பரும் வேண்டும்.

"நாங்க ஸ்மார்ட் கார்டுதான் போட்டிருக்கோம்" என்று பல கொண்டோ நிர்வாகக் கமிட்டிகள் சொல்வார்கள். இரண்டு விஷயத்தைக் கேளுங்கள். முதலாவது, எந்தச் சிப்? மைஃபேர் கிளாசிக் என்ற சிப்பின் பூட்டை 2008இலேயே நெதர்லாந்து ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். இரண்டாவது, ரீடர் எதைச் சரிபார்க்கிறது? இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நல்ல சிப் வாங்கியிருப்பார்கள். ஆனால் ரீடர் அதன் வரிசை எண்ணை மட்டும் படித்துவிட்டுக் கதவைத் திறக்கும்படி அமைத்திருப்பார்கள். உள்ளிருக்கும் சாவியை யாருமே கேட்பதில்லை. அப்போது விலை உயர்ந்த கார்டும் அந்த நீல டேக்கும் ஒன்றுதான்.

அந்தக் கொண்டோவில் நடந்தது இது. அக்கா கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்த வாரத்தில், அவருடைய எண் இரவு 2:40க்கு லாபி கதவைத் திறந்திருந்தது. அதற்கு முன்பு ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தார். காலி செய்தவர் டேக்கை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அதற்குள் எத்தனை நகல் போட்டாரோ! பதிவேட்டில் அசலும் நகலும் ஒரே எண்தான். டேக்கை வாங்கி வைத்தால் போதாது. அந்த எண்ணையே சிஸ்டத்தில் ரத்து செய்துவிட்டு வேறு டேக் கொடுக்க வேண்டும். அதை யாரும் அக்காவிடம் சொல்லியிருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து கமிட்டி சம்மதித்தது. ரீடர்களை மாற்றி, ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறையில் சாவியைச் சரிபார்க்கும் கார்டுகளைக் கொடுத்தோம். அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. "இதையும் அந்தக் கடையில போட்டுக் குடுப்பானா?" என்றார். இருவரும் போனோம். சாவிக் கடை அங்கிள் கார்டைத் தன் மெஷினில் வைத்தார். பீப் சத்தம் வந்தது, எண் நகலானது. திரும்பி வந்து அந்த நகலை லாபி ரீடரில் வைத்தார் அக்கா. ரீடர் எண்ணைப் படித்தது, சாவிக்கான கேள்வியைக் கேட்டது. நகலிடம் பதில் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா இன்னொரு தடவை அழுத்தி வைத்துப் பார்த்தார். மறுபடியும் சிவப்பு.