கரையில் ஓடிய இயந்திரம் ஏரியில் ஏன் கொதிக்கிறது?

ஒன்ராறியோவில் ஒக்ரோபர் மாதத்து நன்றிகூறல் நாளையொட்டிப் படகுகளைக் கரையேற்றுபவர்கள், மே மாதத்தில் விக்ரோறியா நாள் நீண்ட வாரவிடுமுறை வரும்போதுதான் அவற்றின் உறையைக் கழற்றுகிறார்கள். இடைப்பட்ட 7 மாதங்களும் படகின் பின்புறத்தில் மாட்டியிருக்கும் வெளியிணைப்பு இயந்திரம் ஒரு சுற்றுக்கூடச் சுழலாமல் நிற்கிறது. அந்த விடுமுறைக்கு மறுநாள் எங்கள் பட்டறைக்கு வரும் படகுகளில் பலவற்றுக்கு ஒரே முறைப்பாடுதான்: வீட்டு முற்றத்தில் குழாய்த் தண்ணீர் பூட்டி ஓட்டியபோது ஒரு குறையும் இல்லை, ஏரிக்குள் போய்ச் சிறிது நேரத்தில் சூட்டு எச்சரிக்கை அலறத் தொடங்கிவிட்டது.

இந்த இயந்திரத்துக்குக் காரில் இருப்பதைப் போன்ற றேடியேற்றர் கிடையாது. அது ஏரித் தண்ணீரையே, நீருக்குள் அமிழும் கீழ்க்காலில் உள்ள சல்லடை வழியாக உறிஞ்சி, மேலே ஏற்றி, சிலிண்டர்களைச் சுற்றிவரச் செய்து, புகையோடு சேர்த்து வெளியே விடுகிறது. உறிஞ்சும் பம்பாக வேலை செய்வது கியர்ப் பெட்டிக்கு மேலே, இயக்கத் தண்டில் பொருத்தப்பட்ட உள்ளங்கையளவு றப்பர்ச் சக்கரம். இம்பெல்லர் என்று நாம் அழைக்கும் அந்தச் சக்கரம் தன் கூட்டின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதால், அதன் இதழ்களில் சில எப்போதும் மடிந்தே நிற்கின்றன. ஓடும் காலத்தில் மடிவதும் நிமிர்வதுமாக இருக்கும் அந்த இதழ்கள், 7 மாதங்கள் ஒரே நிலையில் மடிந்து கிடந்தால், வசந்தத்தில் நிமிர மறுக்கின்றன. நிமிராத இதழ் கூட்டின் சுவரோடு இறுக்கமாக உரசாது. உரசாவிட்டால் தண்ணீரை இழுக்கும் வலு குறைந்துவிடும்.

முற்றத்தில் இந்தக் குறை தெரியாமற்போவதற்குக் காரணம் இருக்கிறது. நகரக் குழாயின் அழுத்தமே தண்ணீரை உள்ளே தள்ளிவிடுவதால், பலவீனமான பம்பும் நல்ல பம்பைப் போலவே தோன்றும். யாழ்ப்பாணக் கரையோரத்தில் என் தந்தையார் இயந்திரத்தைத் தண்ணீர் நிறைத்த பீப்பாய்க்குள் இறக்கி ஓட்டுவார். உப்பைக் கழுவுவதற்காக அவர் செய்த அந்த வேலை, பம்பு தன் சொந்த வலுவில் இழுக்கிறதா என்பதையும் காட்டிவிடும் என்பதை இந்தத் தொழிலுக்கு வந்த பிறகே உணர்ந்தேன். சிறிய இயந்திரங்களுக்கு இன்றும் அதைவிட நல்ல சோதனை இல்லை.

இதைவிடக் கொடியது, 'ஸ்ராட் ஆகிறதா என்று மட்டும் பார்ப்போம்' என்று தண்ணீரே இல்லாமல் இயக்குவது. இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் மசகு; அது இல்லாமல் சில விநாடிகள் சுழன்றாலே இதழ்களின் ஓரம் கருகத் தொடங்கும். அப்படிச் செய்த ஒருவர், இதழ்கள் உடைந்த பழைய சக்கரத்தை எறிந்துவிட்டுப் புதியதைத் தானே பொருத்தினார், சூடு குறையவில்லை. நாங்கள் பிரித்துப் பார்த்தபோது, உடைந்த றப்பர்த் துண்டுகள் மேலே ஏறி, சிலிண்டர்ப் பகுதிக்குள் தண்ணீர் நுழையும் துவாரத்தை அடைத்திருந்தன. ஆகவே பழைய இம்பெல்லரை எறிவதற்கு முன் மேசையில் வைத்து, உடைந்த துண்டுகளை அதனதன் இடத்தில் பொருத்திப் பாருங்கள். குறைகிற துண்டு இயந்திரத்துக்குள்தான் இருக்கிறது. புதியதைப் பூட்டும்போது, மேலிருந்து வரும் தண்ணீர்க் குழாயின் முனை பம்பின் றப்பர் வளையத்துக்குள் சரியாக இறங்கியிருக்கிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள். அது விலகி நின்றால் புதிய பம்பாலும் பயனில்லை.

"தண்ணி வருதுதானே அண்ணை" என்று பின்பக்கம் பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரையைக் காட்டிப் பலர் என்னிடம் வாதிடுவதுண்டு. பல இயந்திரங்களில் அந்தத் தாரை, இயந்திரம் சூடேறிய பிறகே திறந்து தண்ணீருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்ரற்றுக்கு முன்பே பிரிந்து வெளியேறுகிறது. பம்பு வேலை செய்கிறது என்பதற்கு அது சான்று, சிலிண்டர்களின் தலைப்பகுதி குளிர்கிறது என்பதற்கு அன்று. மறுபுறம், குளவி மண்ணால் அடைத்த துவாரத்திலிருந்து தாரையே வராமலும் போகலாம். இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தடித்த நைலோன் இழையால் குத்தினால் அது திறந்துவிடும்.

தெர்மோஸ்ரற் மூடியபடி இறுகிவிடுவது நீண்ட ஓய்வுக்குப் பிறகு அடிக்கடி காணும் இன்னொரு கோளாறு. அதைக் கழற்றி, அதன் வால்வில் ஒரு நூலைக் கவ்வவைத்து, பாத்திரத்துத் தண்ணீரில் வெப்பமானியோடு தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். வால்வு திறந்ததும் அது நூலிலிருந்து நழுவி விழும். பல வெளியிணைப்பு இயந்திரங்களில் இது ஏறத்தாழ 50 முதல் 60 பாகை செல்சியசுக்குள் நிகழும். உங்கள் இயந்திரத்துக்குரிய எண் கையேட்டில் இருக்கும். தெர்மோஸ்ரற் இல்லாமலே ஓட்டலாம் என்ற அறிவுரையை ஏற்காதீர்கள். நான்கு அடிப்பு இயந்திரம் குளிராகவே ஓடினால் எரியாத பெற்றோல் எண்ணெயில் கலந்து, வேறொரு வழியில் இயந்திரத்தைக் கெடுக்கும்.

எப்போது சூடாகிறது என்பதைக் கவனித்து வந்து சொல்பவர் என் வேலையில் பாதியைக் குறைத்துவிடுகிறார். மெதுவாக ஓடும்போது சூடாகி, வேகத்தில் தணிந்தால், முதலில் இம்பெல்லரைச் சந்தேகிப்பேன். இதழ்கள் சுவரைத் தொடாவிட்டாலும் வேகமான சுழற்சியே தண்ணீரை ஓரளவு எறிந்துவிடும். வேகத்தில் மட்டும் சூடானால், சல்லடையில் சிக்கிய களையையோ, உள்ளே எங்கோ உள்ள பகுதி அடைப்பையோ, வேகம் ஏறும்போது கூடுதல் தண்ணீருக்கு வழிவிடும் அழுத்த வால்வையோ, இயந்திரம் அளவுக்கு மீறி உயரமாகப் பொருத்தப்பட்டிருப்பதையோ பார்ப்பேன்.

எச்சரிக்கை ஒலித்தால் வேகத்தை உடனே முற்றாகக் குறைத்துத் தாரையைப் பாருங்கள். அது வரவில்லை என்றால் இயந்திரத்தை நிறுத்தி, நங்கூரம் இட்டு, இயந்திரத்தின் காலைத் தூக்கிச் சல்லடையைத் துப்புரவாக்குங்கள். கொதிக்கும் இயந்திரத்தின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். எப்படியாவது கரைக்குப் போய்விடலாம் என்று ஓட்டியவர்களின் பிஸ்டன்கள் சிலிண்டரோடு இறுகியதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இயந்திரம் போனால் வாங்கலாம். மே மாதத்தில் ஒன்ராறியோவின் சிம்கோ ஏரித் தண்ணீரோ, தவறி விழுந்தவரின் கைகால்களைச் சில நிமிடங்களில் செயலிழக்கச் செய்யும் அளவுக்குக் குளிர்ந்தது. அதனால்தான் நடு ஏரியில் பழுதாகி நிற்பதை நான் இவ்வளவு அஞ்சுகிறேன்.

ஆண்டின் முதல் ஓட்டத்தில் நான் படகை இழுவண்டியிலிருந்து உடனே விடுவிப்பதில்லை. இறங்குதுறையில் கூட்டமில்லாத வேளையில், பட்டிகளை அவிழ்க்காமல், இயந்திரத்தின் கால் மட்டும் நன்றாக அமிழும்வரை வண்டியைப் பின்னே இறக்கி, 10 நிமிடங்கள் கியர் போடாமல் ஓடவிட்டு, தலைப்பகுதியின் சூட்டை, தொடாமலே அளக்கும் கதிர்வெப்பமானியால் இரண்டு மூன்று முறை அளக்கிறேன். அளவு ஏறாமல் ஓரிடத்தில் நின்ற பிறகே பட்டிகளை அவிழ்க்கிறேன்.