அதே ஊசி, அதே அளவு: சீனி மட்டும் ஏன் ஏறி இறங்குகிறது?

வன்னியில் ஏதாவது ஒரு நீரிழிவுக் கிளினிக்கில் காலையில் போய் இருந்து பாருங்கள், இந்தப் பேச்சு காதில் விழும்: "மிஸ்ஸி, சொன்ன அளவுதான் போடுறன். ஒரு மாசம் 300, மறுமாசம் 90. நான் என்ன செய்ய?" ஆள் ஒளித்துப் பனங்கட்டி தின்கிறார் என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரங்களில் அவர் சொல்வது உண்மைதான். மருத்துவர் எழுதுவது சிறிஞ்சுக்குள் போகும் இன்சுலின் அளவை. அதில் எவ்வளவு, எந்நேரம் இரத்தத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பதைத் தோலும் வெயிலும் போத்தலும் தீர்மானிக்கின்றன. அந்த இடைவெளியைத் தேடிப் பிடிப்பதுதான் தாதியின் வேலை.

இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோர்த்த சிறு புரதம். போத்தலுக்குள் துத்தநாகத்தைச் சுற்றி ஆறு மூலக்கூறுகள் கொத்தாக நிற்கும். அந்தப் பருமனோடு இரத்தக் குழாய்க்குள் எளிதில் புக முடியாது. தோலுக்குக் கீழுள்ள கொழுப்பில் ஐதாகி, இரண்டிரண்டாக, ஒவ்வொன்றாகப் பிரிந்த பிறகே உள்ளே போகும். தெளிந்த இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னே போடச் சொல்வது அதனால்தான். பலர் போடும் 30/70 கலவையில் 70 வீதம், மீனிலிருந்து எடுக்கும் புரோட்டமின் என்ற புரதத்தோடு கட்டிய மருந்து. அது கலங்கலாக இருக்கும், மெல்ல அவிழும், அடியில் படியும். போத்தலை உள்ளங்கைகளுக்கிடையில் நன்றாக உருட்டாமல் எடுத்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மருந்துதான் ஏறும்.

இனித் தோல்.

"ஐயா, எந்த இடத்தில ஊசி போடுறனீங்கள்?"

"இதிலதான் பிள்ளை. இதில குத்தினா நோகாது."

அந்த 'நோகாது' என்ற சொல்லிலேயே பாதி விடை இருக்கிறது. இன்சுலின் கொழுப்புக் கலங்களை வளரச் செய்யும். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் மாதக்கணக்காகக் குத்தினால், அதுவும் மழுங்கிய பழைய ஊசியால் குத்தினால், அங்கே ஒரு கட்டி திரளும். சில வேளை அது கண்ணுக்குத் தெரியாது. தாதி விரல் நுனிகளை வைத்து மெல்ல உருட்டித் தடவும்போது, சுற்றியுள்ள தோல் இளகிக்கொடுக்க, அந்த இடம் மட்டும் ரொட்டிக்குப் பிசைந்த மாவைப்போலத் திரண்டு நிற்கும். கட்டிக்குள் போன மருந்து ஒரு நாள் அங்கேயே தங்கும், இன்னொரு நாள் சட்டென்று வெளியேறும். சீனி இறங்கவில்லையென்று கிளினிக்கில் அளவைக் கூட்டுவார்கள். பிறகு யாரோ நல்லெண்ணத்தில் "இடத்தை மாத்திப் போடுங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், கூட்டிய அளவு முழுவதும் நல்ல தோலுக்குள் போய்ச் சீனி விழுந்துவிடும். இடத்தை மாற்றத்தான் வேண்டும். அப்போது மருத்துவரிடம் சொல்லி அளவையும் குறைக்க வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், கிளினிக் கொப்பியில் அளவை எழுதும்போது வயிற்றைத் தடவிப் பார்த்ததையும் ஒரு வரி எழுத வேண்டும்.

அடுத்தது வெயில். இரணைமடுவின் கீழ் சிறுபோகம் செய்கிறவர் ஆறரைக்கு ஊசி போட்டுவிட்டு, சைக்கிள் மிதித்து வயலுக்குப் போகிறார். தோல் சூடாகிறது, இரத்த ஓட்டம் கூடுகிறது, மருந்து விரைந்து ஏறுகிறது. தொடையில் போட்டிருந்தால் மிதிக்கிற மிதியில் இன்னும் விரைவு. வேலை செய்யும் தசையோ இன்சுலின் உதவி இல்லாமலே சீனியை இழுத்துக்கொள்ளும். சாப்பாடு பிந்தினால் போதும், இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போய்விடும். சிக்கல் என்னவென்றால் அதன் முதல் அடையாளமே வியர்வை. வரம்பில் நிற்பவர் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது! கை நடுங்குகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, திடீரென்று பசிக்கிறதா, பேச்சுத் தடுமாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று தேக்கரண்டிச் சீனி, ஏறக்குறைய 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. அப்புறம் சாப்பாடு.  நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் ஆசுபத்திரிக்குத்தான்.

போத்தல் விடயத்தில் பயம் தேவைக்குக் கொஞ்சம் அதிகம். திறக்காத போத்தலுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும். திறந்ததை 30 பாகைக்கு மேல் போகாமல் ஏறக்குறைய நான்கு வாரம் பாவிக்கலாம். 2021இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தாரும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் வெளியிட்ட ஆய்வு, கென்ய அகதி முகாம் ஒன்றின் வெப்பத்தை வைத்துச் செய்தது. 25க்கும் 37க்கும் இடையில் ஏறி இறங்கும் சூட்டில் நான்கு வாரம் இருந்தும் இன்சுலினின் வீரியம் கெடவில்லை. ஆகவே பிரிட்ஜ் இல்லாத வீட்டில், நான்கு வாரத்துக்குள் முடிகிற போத்தலுக்கு ஈர மணலுக்குள் வைத்த மண்முட்டி போதும். சோளகக் காற்றடிக்கும் வறண்ட மாதங்களில் நீர் விரைந்து ஆவியாகி முட்டியை நன்றாகக் குளிர்த்தும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு குளிராது. பிரிட்ஜ் உள்ள வீட்டில்தான் வேறு ஆபத்து: ஐஸ் தட்டோடு ஒட்டி வைத்து உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் உதவாது, எறிய வேண்டியதுதான்.

கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினரின் பையில் சிவப்பு மூடி சிறிஞ்சுகள் வருவதுண்டு. அவை மில்லிலீற்றருக்கு 40 யுனிற் உள்ள இன்சுலினுக்குரியவை. இங்கே கிளினிக்கில் கிடைப்பது 100 யுனிற். அந்தச் சிறிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 50 யுனிற். இங்குள்ள போத்தலுக்குச் செம்மஞ்சள் மூடி சிறிஞ்ச்தான் பொருந்தும்.