நகை யாரிடம் இருக்கிறது?

வக்கீலான என்னிடம் வருபவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிடுகிறார்கள்: “டைவர்ஸ் கிடைக்க எத்தனை மாசம் ஆகும் மேடம்?” பதிலுக்கு நான் கேட்பது, “நகை யாரிடம் இருக்கிறது? குழந்தை யாரிடம்?”

இருவரும் சேர்ந்து மனு போட்டால் கணக்கு தெளிவு. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவுப்படி ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டு 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் மறுபடி வந்து சம்மதம் சொல்ல வேண்டும். அந்த 6 மாதத்தைத் தகுந்த வழக்கில் தளர்த்தலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. செய்தியில் பார்த்துவிட்டு, “உடனே கிடைக்குமாமே” என்று வருகிறார்கள். ஜீவனாம்சம், குழந்தை, மற்ற பாக்கி எல்லாம் பேசித் தீர்ந்திருக்கிறதா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். அங்கேதான் சிக்கல்.

ஒரு தம்பதிக்கு ஒப்பந்தம் டைப் அடித்தே ஆகிவிட்டது. கையெழுத்துப் போடும் நாளில் பெண்ணின் அம்மா பையிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். சீர்வரிசைப் பட்டியல். பீரோ வந்துவிட்டது, கிரைண்டர் வந்துவிட்டது, வெள்ளிக் குத்துவிளக்கு ஜோடியில் ஒன்றுதான் வந்திருந்தது. “நீங்க கொடுத்ததே ஒண்ணுதான்” என்றார் பையனின் அம்மா. அந்த விளக்குக்கு நாலு மாதம் போனது. அதன் விலை என் ஃபீஸைவிடக் குறைவு!

ஒருவர் மட்டும் போடும் வழக்கு வேறு ரகம். சம்மன் சேர்ந்த 6 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நானோ இரண்டு மூன்று வருடத்துக்குத் தயாராக இருங்கள் என்றுதான் சொல்வேன். முதலில் சம்மனே போய்ச் சேராது. கோடம்பாக்கத்து வாடகை வீட்டு முகவரியைக் கொடுத்திருப்பார்கள், மனைவி போரூருக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருக்கும். ‘கதவு பூட்டியுள்ளது’ என்று கவர் திரும்பும். மறுபடி சம்மன் அனுப்பக் கட்டும் பேட்டா, மறுபடி வாய்தா. ஆபீஸ் முகவரி, ஊரில் அப்பா வீட்டு முகவரி எல்லாவற்றையும் முதல் நாளே வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் கவுன்சலிங், இடைக்கால ஜீவனாம்ச மனு. 2020 முதல் இருதரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். சம்பளத்தை மறைப்பவர்தான் இதை இழுத்தடிக்கிறார். கணவர் சென்னையிலும் மனைவி மதுரையிலும் தனித்தனியாக வழக்குப் போட்டால், எந்த ஊரில் நடத்துவது என்ற மனு முடியும்வரை மூல வழக்கு தூங்கும்.

எதிர்த்தரப்பு வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு சீக்கிரமே வரும். ஆனால் அதை ரத்து செய்யக் கேட்டு அவர்கள் பிறகு வரலாம். போராடி வாங்கிய தீர்ப்பிலும் மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை மறுமணம் கூடாது. ஒருவர் தை முகூர்த்தத்துக்கு மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தார். அவருக்குத் தீர்ப்பு வந்ததே மார்கழி கடைசியில்தான்.